தீசிஸ் அலமாரிக்குப் போகாமல் இருக்க: புற்றுநோய்த் துறையின் இளம் ஆய்வு மருத்துவர்களும் வழிகாட்டிகளும்

புற்றுநோய் மருத்துவத்தில் மேற்படிப்புப் படிப்பவர்கள் எழுதும் தீசிஸ்களில் (ஆய்வேடுகளில்) பல, தேர்வு முடிந்ததும் நூலக அலமாரிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. மாணவர்களுக்கு ஆய்வில் ஆர்வமில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். பல ஆண்டுகளாகக் கைடாக (ஆய்வு வழிகாட்டியாக) இருந்துவரும் எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைப்பைத் துறை முடிவு செய்து கையில் கொடுத்துவிடுகிறது. தனக்குத் தோன்றாத கேள்விக்கு யார்தான் மனம் ஒன்றி விடை தேடுவார்?

கேள்விகளுக்கு வார்டில் பஞ்சமே இல்லை. கீமோதெரபிக்குப் பின் வெள்ளை அணுக்கள் குறைந்து காய்ச்சலோடு வருபவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி போட வேண்டும் என்பது பாடம். இரவுப் பணியில் இருந்த மாணவி ஒருவர், "நேற்று சாயங்காலமே காய்ச்சலாம் சார், பஸ் கிடைக்காமல் இப்போதுதான் வந்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து கணக்கிடுவது?" என்று கேட்டார். காய்ச்சல் தொடங்கிய நேரம், வீட்டிலிருந்து கிளம்பிய நேரம், மருத்துவமனைக்குள் வந்த நேரம், முதல் ஊசி போட்ட நேரம் ஆகியவற்றை இனி வரும் ஒவ்வொரு கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலும் குறிக்கச் சொன்னேன். அவருடைய தீசிஸ் அங்கே தொடங்கியது. எத்தனை டிகிரியைக் காய்ச்சல் என்று கொள்வது, எத்தனை நோயாளிகள் தேவை என்று புள்ளியியலாளரிடம் எப்படிக் கேட்பது, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு என்ன எழுதுவது, கிராமத்திலிருந்து வருபவருக்கும் புரியும் தமிழில் ஒப்புதல் படிவத்தை எப்படித் தயாரிப்பது என்பவற்றையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிக் கொடுத்தால்தான் கைவரும்.

நோயாளியின் சட்டைப் பையை அறிந்த மருத்துவருக்கே தோன்றும் கேள்விகளும் உண்டு. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு சிகிச்சை மருந்தை வழக்கமான அளவில் கொடுப்பது நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், அதாவது வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வாய்வழி மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு உயிரோடிருந்தவர்களின் விகிதம் வாய்வழி மருந்துகள் மட்டும் பெற்றவர்களிடம் 16.3 சதவீதமாகவும், நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களிடம் 43.4 சதவீதமாகவும் இருந்தது. மருந்து நிறுவனம் தானாக முன்வந்து கேட்கக்கூடிய கேள்வியல்ல இது.

அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1955இல் இளம் மருத்துவராக வந்த டாக்டர் சாந்தா, அங்கிருந்த மூத்த மருத்துவர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியுடன் பணியாற்றியே சிகிச்சையையும் ஆய்வையும் ஒன்றாகப் பழகினார். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இந்தியச் சூழலுக்கு ஏற்ப வகுக்கப்பட்ட எம்.சி.பி. 841 சிகிச்சைமுறையைப் பின்னாளில் அந்த நிலையமும் நடைமுறைப்படுத்தி, முடிவுகளைப் பதிவு செய்தது. ஆய்வு தனியே, வைத்தியம் தனியே என்று பிரித்து வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

இன்றைய தடை பெரும்பாலும் நேரம்தான். ஓ.பி.யில் கூட்டத்தைப் பார்த்து முடித்து, ரவுண்ட்ஸும் போய்வந்த பிறகு ஆய்வுக்கு மிஞ்சுவது தூக்கம் மட்டுமே. வாரத்தில் அரை நாளையாவது துறைத்தலைவர் எழுத்துபூர்வமாக ஒதுக்கித் தர வேண்டும். வாய்மொழி அனுமதி, ஆள் குறைந்த முதல் நாளிலேயே காற்றில் போய்விடும். உழைத்தவர் பெயர் கட்டுரையில் முதலில் வர வேண்டும் என்பதையும் தரவு சேர்க்கத் தொடங்கும் முன்பே பேசி முடிப்பது நல்லது. பின்னால் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும் (இதைச் சொல்வதால் என் சக பேராசிரியர்கள் சிலர் கோபித்துக்கொள்ளலாம்).

கைடைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புள்ள மாணவர்கள், அவரது கட்டுரைப் பட்டியலின் நீளத்தைப் பார்த்து மயங்காமல் அவரிடம் முன்பு பயின்றவர்களிடம் விசாரியுங்கள். எழுதிக் கொடுத்த வரைவு எத்தனை நாளில் திருத்தத்தோடு திரும்பி வந்தது, எதிர்பார்த்த முடிவு வராதபோது அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள்.