தயங்கினால் தோன்றும் பட்டியல்

டெர்மினலில், அதாவது எழுத்துகள் மட்டுமே தெரியும் கட்டளைத் திரையில், ஓடும் ஒரு நிரலை முதன்முதலாகத் திறப்பவருக்கு, அதில் என்னென்ன செய்யலாம் என்பதே தெரியாது. பட்டன் கிடையாது, மெனு கிடையாது. விம் என்ற உரை எடிட்டரை மூடுவது எப்படி என்று ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஒருவர் கேட்ட கேள்வியை, 2017-க்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் மக்கள் திறந்து பார்த்திருந்தார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. வழியைக் காட்டாமல் விட்டது மென்பொருள்தான்.

நானோ எடிட்டர் இதற்கு நேரான வழி ஒன்றைப் பிடித்தது. முக்கியமான ஷார்ட்கட்டுகளைத் திரையின் கடைசி இரண்டு வரிகளில் எப்போதும் எழுதி வைத்திருக்கும். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், பார்த்து அழுத்தினால் போதும். ஆனால் இரண்டு வரியில் பத்துப் பன்னிரண்டு கட்டளைகள்தான் அடங்கும். நூற்றுக்கணக்கில் இருந்தால் எங்கே எழுதுவது?

கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தால் பட்டியல் தோன்றட்டுமே என்று கேட்கலாம். ஐபேடில் கமாண்ட் விசையைப் பிடித்தால் அப்படித்தான் நடக்கிறது. வழக்கமான டெர்மினலில் இது முடியாது. நாம் எந்த விசையை எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறோம் என்பதை டெர்மினல் நிரலிடம் சொல்வதில்லை, பைட்டுகளை, அதாவது எண்களை மட்டுமே அனுப்புகிறது. கன்ட்ரோலோடு ஏ அழுத்தினால் 1 போகும், பி அழுத்தினால் 2. கன்ட்ரோலை மட்டும் அழுத்தினால் எதுவுமே போகாது. இதே கணக்கில் ஐ எழுத்துக்கு 9, எம் எழுத்துக்கு 13. டேப் விசையும் 9-ஐத்தான் அனுப்புகிறது, என்டர் 13-ஐ. ஆக, இருக்கிற கொஞ்சம் எண்களிலும் சில ஏற்கெனவே போய்விட்டன.

அதனால்தான் இரண்டு படி ஷார்ட்கட்டுகள் வந்தன. முதல் விசை ஒரு தொகுதியைத் திறக்கும், இரண்டாவது விசை அதிலிருந்து ஒன்றை எடுக்கும். 1978-இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் என்ற எழுத்து மென்பொருள் இதில் ஓர் அருமையான வேலை செய்தது. கன்ட்ரோல் கே அழுத்தி, உடனே எஸ் அழுத்தினால் கோப்பு சேமிக்கப்படும், பட்டியல் எதுவும் தோன்றாது. கே-க்குப் பிறகு கை கொஞ்சம் தயங்கினால், அடுத்து எந்தெந்த எழுத்தை அழுத்தலாம் என்ற பட்டியல் மேலே தோன்றும். கேட்காமலே வரும் உதவி, ஆனால் தேவைப்படாதவர் கண்ணில் படாது.

உள்ளே நடப்பது எளிமையானது. ஷார்ட்கட்டுகள் எல்லாம் கிளைவிட்ட ஒரு அட்டவணையாக நினைவகத்தில் இருக்கும். முதல் பைட் வந்ததும் நிரல் ஒரு கிளைக்குள் போய், ஒரு டைமரை ஓடவிட்டுக் காத்திருக்கும். நேரம் முடிவதற்குள் அடுத்த பைட் வந்தால் கட்டளையை இயக்கும். வராவிட்டால், தான் நிற்கும் கிளையில் உள்ளதை அப்படியே திரையில் வரையும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: பட்டியலைத் தனியாக யாரும் எழுத வேண்டியதில்லை. பயனர் ஒரு ஷார்ட்கட்டை மாற்றினால் உதவியும் தானாக மாறிவிடும். ஈமாக்ஸ் எடிட்டருக்கான விச்-கீ என்ற துணை நிரல் இப்படித்தான் வேலை செய்கிறது. 2025-இல் வந்த ஈமாக்ஸ் 30 முதல் அது கூடவே வருகிறது.

சரி, பட்டியலைப் பார்த்து அழுத்துகிறவர் எப்போது கற்றுக்கொள்வார்? கோர்டன் குர்டன்பாக், பில் பக்ஸ்டன் இருவரும் 1990-களில் பேனாவால் இயக்கும் மெனுக்களை ஆராய்ந்தபோது இதற்கு ஒரு விடை தந்தார்கள். புதியவர் செய்யும் அசைவே தேர்ந்தவர் செய்யும் அசைவுக்கு ஒத்திகையாக இருக்க வேண்டும் என்றார்கள். மவுஸ் மெனுவில், கட்டளைக்குப் பக்கத்திலேயே ஷார்ட்கட் எழுதியிருக்கும். ஆனாலும் வருடக்கணக்கில் அதைப் பார்ப்பவர் பலருக்கு அது மனதில் நிற்பதில்லை, கை பழகுவது மவுஸைத்தானே. தயங்கினால் தோன்றும் பட்டியலில் புதியவரும் கே, எஸ் என்றுதான் அழுத்துகிறார். சில நாளில் விரல் முந்திக்கொள்ளும், பட்டியல் தோன்றவே நேரமிருக்காது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில்தான் சறுக்குகிறார்கள். விச்-கீயில் வழக்கமாக 1 விநாடி. எதுவும் நடக்காத ஒரு விநாடியில் புதியவர் பயந்துபோய் வேறெதையாவது அழுத்திவிடுவார். அரை விநாடிக்கும் குறைவாக வைப்பதே நல்லது என்பேன். அதோடு, தொகுதியைத் திறக்கும் அந்த முதல் விசை எது என்பதைத் திரையின் ஓரத்தில் ஒரே ஒரு வரியிலாவது எழுதிவைக்க வேண்டும். அது தெரியாதவருக்கு இத்தனை வேலையும் வீண்.

கிட்டி என்ற டெர்மினல் கொண்டுவந்த புதிய விசைப்பலகை நெறிமுறையில், கன்ட்ரோலைத் தனியாக அழுத்துவதையும் விடுவதையும்கூட நிரலுக்குச் சொல்ல முடியும். இப்போது வேறு சில டெர்மினல்களும் அதை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அங்கெல்லாம் பிடித்திருந்தாலே பட்டியலைக் காட்டலாம். மற்ற இடங்களில் டைமர்தான்.