வெங்காயத் தோலில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர்

தாவர செல்லுக்குச் சுவர் உண்டு, விலங்கு செல்லுக்குக் கிடையாது. அட்டவணை போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் ஒப்பித்துவிடுவார்கள். அந்தச் சுவர் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு கப்சிப்பென்று ஆகிவிடும்.

பதில் வெங்காயத்தில் இருக்கிறது. சிவப்பு வெங்காயத்தின் சதைப்பற்றான இதழ் ஒன்றை உடைத்து, அதன் வெளிப்பக்கம் மெல்லியதாக உரியும் ஊதாத் தோலில் நகக்கண் அளவு கிள்ளி, ஒரு சொட்டுத் தண்ணீரில் சுருக்கமில்லாமல் விரித்து நுண்ணோக்கியில் வைக்கச் சொல்லுங்கள். செங்கல் அடுக்கியதுபோல் நெருக்கமான அறைகள், ஒவ்வொன்றிலும் ஊதாச் சாறு. அயோடின் வேண்டாம். உட்கருவை அது பளிச்சென்று காட்டும்தான், ஆனால் செல்லைக் கொன்றுவிடும். நமக்கு உயிருள்ள செல் வேண்டும்.

இனி கண்ணாடி மூடியின் ஓரத்தில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் விட்டு, எதிர் ஓரத்தில் உறிஞ்சுதாளை ஒற்றுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் சுவரைவிட்டு விலகும். சுருங்கச் சுருங்க அடர்ந்து, அறைக்குள் உருண்டையாக நிற்கும். சுவர் அப்படியே இருக்கும். வெளியே உப்பு கூடியதால் உள்ளிருந்த தண்ணீர் செல் சவ்வு வழியே போய்விட்டது. சவ்வூடு பரவல் என்ற பெயரை இதற்குப் பிறகு சொன்னால் போதும்.

நல்ல தண்ணீர் மாற்றினால் சாறு மறுபடி வீங்கும், சுவரை முட்டியதும் நிற்கும். சுவரின் வேலையே அதுதான். சுவரில்லாத ரத்தச் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் வீங்கி வெடித்தே போகும்.

1665இல் ராபர்ட் ஹூக் தக்கையில் பார்த்து 'செல்' என்று பெயரிட்டது இந்தச் சுவர்களைத்தான். உள்ளே குடியிருந்தவர் எப்போதோ காலி. விலங்குகளும் செல்களால் ஆனவையே என்று ஜெர்மன் விஞ்ஞானி தியோடர் ஷ்வான் சொன்னது 1839இல்.

அட்டவணையால் வரும் இன்னொரு வினை: வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பச்சை மணியான பசுங்கணிகம் தாவரத்துக்கு, உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் மைட்டோகாண்ட்ரியா விலங்குக்கு என்று பிள்ளைகள் பங்கு பிரித்துவிடுகிறார்கள். தாவர செல்லும் சர்க்கரையைச் சிதைத்துத்தான் ஆற்றல் எடுக்கிறது. அதிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு.

"வெங்காயத்தில் பச்சையே இல்லையே?" என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும். மண்ணுக்குள் வளரும் பகுதிக்குப் பசுங்கணிகம் எதற்கு? அதைப் பார்க்க ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரத்தின் இலை நல்லது. இரண்டே செல் தடிமன், அறுக்காமலே வைக்கலாம். நல்ல வெளிச்சத்தில் கொஞ்சம் பொறுத்திருந்தால் பச்சை மணிகள் நகர்வது தெரியும். நடுவே நுழையாமல் சுவரோரமாகவே சுற்றும்: நடுவிடம் முழுக்க நீர் நிரம்பிய நுண்குமிழ்.