டிகாக்‌ஷன் ஏன் இறங்க மாட்டேன் என்கிறது?

ராத்திரியே ஃபில்டரில் பொடி போட்டு, கொதிநீர் ஊற்றி வைத்தாகிவிட்டது. காலையில் மேல் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தால் கீழே இரண்டு கரண்டி டிகாக்‌ஷன்தான். தண்ணீர் மேலேயே நிற்கிறது. இன்னொரு வீட்டில் நேர்மாறு: ஊற்றிய ஐந்தாவது நிமிடமே எல்லாம் இறங்கி, டீத் தண்ணீர் நிறத்தில் நிற்கும். இரண்டு வீட்டிலும் பொடிக்கடையைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கடைக்காரர் மேல் தப்பே இருக்காது. தண்ணீர் அந்தப் பொடிக்குள் எப்படிப் போகிறது என்பதுதான் காபியைத் தீர்மானிக்கிறது.

ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் திஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தவர். மணல் படுகை வழியே தண்ணீர் எந்த வேகத்தில் இறங்குகிறது என்று அளந்து, 1856-ல் ஒரு விதியை வெளியிட்டார். நிலத்தடி நீரைக் கணக்குப் போடுகிறவர்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். காபி ஃபில்டருக்கும் அது அப்படியே பொருந்தும். மேலே நிற்கும் தண்ணீரின் உயரம் கூடினால் வேகம் கூடும். அதனால்தான் முதலில் சரசரவென்று இறங்கி, கடைசியில் சொட்டுச் சொட்டாகிறது. பொடிப் படுகையின் தடிமன் இரட்டிப்பானால் வேகம் பாதியாகும். துகளின் அளவு பாதியானால் வேகம் ஏறக்குறைய கால்வாசிக்கு விழுந்துவிடும். அரைப்பதில் ஏற்படும் சின்ன வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரிவது இதனால்தான். ரவையைவிடச் சன்னமாகவும் மைதாவைவிடக் கொரகொரப்பாகவும் இருந்தால் ஃபில்டருக்குச் சரி. மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் வரும்; அந்த மாவு கீழே போய் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும்.

சூட்டையும் மறக்கக் கூடாது. 90 டிகிரியில் இருக்கும் தண்ணீரைவிட 30 டிகிரிக்கு ஆறிய தண்ணீருக்குப் பிசுபிசுப்பு சுமார் இரண்டரை மடங்கு அதிகம். பாதி இறங்கி நின்றுபோன தண்ணீர் ஆற ஆற இன்னும் மெதுவாகும். காலை வரை காத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது.

பலர் கவனிக்காத காரணம் ஒன்று இருக்கிறது: காற்று. கீழ்ப் பாத்திரத்தில் டிகாக்‌ஷன் சேரச் சேர, அங்கிருக்கும் காற்று வெளியேறியாக வேண்டும். இரண்டு பாத்திரமும் இறுக்கமாகப் பொருந்தி, இடுக்கில் ஈரமும் படிந்துவிட்டால் காற்றுக்கு வழி கிடையாது. அது உள்ளேயிருந்து எதிர்த்து அழுத்தும், சொட்டு நின்றுவிடும். மேல் பாத்திரத்தை லேசாகத் திருகித் தூக்கி வைத்தால் உடனே மறுபடி விழ ஆரம்பிக்கும். பொடியைக் கரண்டியால் கிளறுவதைவிட இதை முதலில் செய்து பார்க்க வேண்டும். கிளறினால் படுகை கலைந்து, தண்ணீர் ஒரே பள்ளத்தின் வழியாக ஓடிவிடும். மற்ற இடத்துப் பொடியின் சாரம் இறங்காமலே போகும். தண்டு வைத்த தட்டு ஒன்று ஃபில்டரோடு கொடுக்கிறார்களே, அதன் முக்கிய வேலை ஊற்றும் தண்ணீரைப் பரப்பிவிடுவதுதான். அதைப் பொடிமேல் பதமாக வைத்தால் போதும். அமுக்கித் திணிக்கக் கூடாது.

புதிதாக வறுத்து அரைத்த பொடிக்குள் கரியமில வாயு நிறைய இருக்கும். வெந்நீர் பட்டதும் குமிழ் குமிழாகப் பொங்கி வெளியேறும். அந்தக் குமிழ்கள் தண்ணீருக்குக் குறுக்கே நிற்கும். முதலில் பொடி நனையும் அளவு மட்டும் ஊற்றி, அரை நிமிடம் விட்டு, பிறகு மீதியை ஊற்றுங்கள். பொங்கவே இல்லையென்றால் பொடி பழசு என்று அர்த்தம்.

இனி கரைவது பற்றி. வறுத்த காபியில் எடைக்குச் சுமார் 30 சதவீதம்தான் தண்ணீரில் கரையக்கூடியது. அதையும் முழுக்க எடுத்தால் நன்றாக இருக்காது. பொடியின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை எடுப்பதுதான் ருசிக்கு ஏற்றது என்பது காபித் தொழிலில் நிலைத்துவிட்ட கணக்கு. புளிப்பும் வாசனையும் காஃபீனும் சீக்கிரம் வந்துவிடும். வறட்டுக் கசப்பு கடைசியில் வரும். இரண்டாம் டிகாக்‌ஷன் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இதுவே பதில். சிக்கரி சேராத பொடி 30 கிராம் போட்டால் சுமார் 6 கிராம் கரையும். பொடி தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், 160 மில்லி ஊற்றினால் 100 மில்லி கிடைக்கும். அதாவது 6 சதவீத டிகாக்‌ஷன். காகித வடிகட்டியில் இறக்கும் கறுப்புக் காபியில் இது 1.3 சதவீதம்தான் இருக்கும். பாலில் கலந்தும் காபியாகவே நிற்கும் வலு நம் ஃபில்டருக்கு எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரியும்.

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதில் காஃபீன் கிடையாது. எடையில் பாதிக்கு மேல் கரைந்துவிடும் என்பதால் நிறமும் கெட்டித்தன்மையும் கொடுக்கிறது. கொஞ்சம் சேர்ப்பதில் தவறில்லை, 20 சதவீதத்தைத் தாண்டினால் காபியின் மணம் அமுங்கிவிடும் என்பது என் கருத்து. சட்டப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்துப் பொடியை மேலே தூவிப் பாருங்கள். எண்ணெயும் வாயுவும் உள்ள காபித் துகள் மிதக்கும். சிக்கரித் துகளோ கபிலநிறக் கோடு இழுத்தபடி அடிக்கு இறங்கும். எத்தனை கோடு என்பதிலேயே கலவை ஓரளவு தெரிந்துவிடும்.

ஃபில்டர் வாங்கும்போது பித்தளையா எவர்சில்வரா என்று யோசிப்பதைவிட அளவைப் பாருங்கள். இரண்டு பேருக்குக் காபி போடுகிற வீட்டில் பெரிய ஃபில்டர் இருந்தால், பொடி அகலமாகவும் மெல்லிசாகவும் பரவும். தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். பொடி போட்டால் ஒன்றரை அங்குலமாவது நிற்கிற மாதிரி வாங்குவது நல்லது. விருந்தாளிகளுக்கென்று பெரியது ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். 1933-ல் இத்தாலியில் வந்த மோக்கா பாட், நீராவி அழுத்தத்தில் வேலை செய்வது. அவசரக்காரர்களுக்கு உதவும், அடுப்பில் அதிக நேரம் விட்டால் கருகல் வாடை வரும். பொடியை வெந்நீரில் ஊறவைத்து, வலைத்தட்டால் கீழே அமுக்கி வடிக்கும் பிரெஞ்சு பிரஸ் கறுப்புக் காபி குடிப்பவர்களுக்கு.

இறங்கிய டிகாக்‌ஷனை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள்: வாசனை பறந்துவிடும், காபியில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் உடைந்து கசப்பு ஏறும். சூட்டைப் பால் கொண்டுவரட்டும். பாலின் கேசீன் புரதம் காபியில் நாக்கைத் துவர்க்கவைக்கும் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால், அதே டிகாக்‌ஷன் பாலோடு மென்மையாகிவிடும்.

வாரம் ஒருமுறை மேல் பாத்திரத்தின் அடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். காபியின் எண்ணெய் உறைந்து பல ஓட்டைகள் மூடியிருக்கும். எவர்சில்வர் என்றால் அடியைச் சிறு தீயில் காட்டி, படிந்தது கருகியதும் தட்டி, பிரஷ்ஷால் தேய்த்தால் திறந்துகொள்ளும்.