ஜமாபந்தி: சொல்லும் கணக்கும்

வைகாசி பிறந்தால் அவிநாசி, தாராபுரம், கோபி என்று கொங்கு நாட்டுத் தாலுகா ஆபீஸ்களில் பந்தல் போட்டுவிடுவார்கள். "ஜமாபந்திக்கு மனு எழுதியாச்சுங்களா?" என்று காட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். கேட்டுக் கேட்டு, ஜமாபந்தி என்றாலே மனு வாங்கும் நாள் என்று ஆகிவிட்டது. மனு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சொல்லின் உயிர் கணக்கில் இருக்கிறது.

'ஜமா' அரபுச் சொல்; சேர்த்தது, கூட்டுத்தொகை என்று பொருள். வருவாய்க் கணக்கில் அது ஊர் செலுத்த வேண்டிய மொத்த வரி. 'பந்தி' பாரசீகம், கட்டுதல், திட்டப்படுத்துதல். சாப்பாட்டுப் பந்திக்கும் இதற்கும் உறவில்லை. வரித்தொகையைத் திட்டம் செய்து முடிப்பதே ஜமாபந்தி. பஞ்சாபில் இதே சொல் நில உரிமைப் பதிவேட்டைக் குறிக்கும். நம்மிடம் அது ஊர் நிலவரிக் கணக்குகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தணிக்கை.

தமிழுக்கு இந்த வேலை புதிதல்ல. நிலவரிக்கு இறை, வரி நீங்கிய நிலத்துக்கு இறையிலி, கணக்கேட்டுக்கு வரிப்பொத்தகம், அதற்கான துறைக்குப் புரவுவரித் திணைக்களம் என்று சோழர் கல்வெட்டுகளில் சொற்கள் நிறைந்து கிடக்கின்றன. ஆட்சி மாறியபோது கணக்கு மொழியும் மாறியது. தாசில்தார், தாலுகா, பிர்கா (தாலுகாவின் உட்பகுதியான ஊர்த்தொகுதி), கிஸ்தி (வரித் தவணை) எல்லாம் அப்படி வந்தவையே.

இந்த முறை வேர்பிடித்ததில் நம் பக்கத்துக்குப் பங்கு உண்டு. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம்) கிழக்கிந்தியக் கும்பெனியார் கைக்கு வந்தன. அங்கே அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, குடியானவர் ஒவ்வொருவரோடும் நேராக வரி பேசத் தொடங்கினார்கள். அதுதான் ரயத்துவாரி, நல்ல தமிழில் குடிவாரி. 'ரயத்' என்றால் குடி. ஜமீனிலும் சேலம் பக்கத்து மிட்டாவிலும் அரசுக்கும் குடிக்கும் நடுவில் ஒருவர் நின்று வசூலித்தார். அரசு அவரிடம் மட்டும் கணக்குக் கேட்டால் போதும். நடுவாள் இல்லாத இடத்தில் ஆயிரக்கணக்கான குடிகளோடு கணக்கை நேர் செய்தாக வேண்டும். எவர் நிலத்தை விட்டார், எவர் புதிதாக உழுதார், எங்கே மழை பொய்த்து வஜா (வரித் தள்ளுபடி) கொடுத்தது என்று பார்க்க ஆண்டுக்கொரு ஜமாபந்தி வேண்டியிருந்தது.

ஆண்டு என்றால் பசலி ஆண்டு. 'பசல்' அரபியில் அறுவடைப் பருவம். ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 முடியும். ஜூலை முதல் டிசம்பர் வரை ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழிக்க வேண்டும். ஜனவரி முதல் ஜூன் வரை 591. ஆகவே 2025 மே மாதம் பசலி 1434, அதே ஆண்டு ஜூலையில் 1435. இந்த ஒன்று தவறினால் வேறு ஆண்டின் அடங்கலை, அதாவது பயிர்க் கணக்கை, கேட்டு நிற்க நேரும்.

கிராம நிர்வாக அலுவலர் அ-பதிவேடு (ஊரின் நிலப் பதிவேடு), சிட்டா (யாருக்கு எவ்வளவு நிலம் என்ற கணக்கு), அடங்கல், வசூல் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துவர, ஜமாபந்தி அலுவலர் பிர்கா வாரியாக ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கிறார். அளவைக் கருவிகளையும் சோதிக்கிறார். இது சடங்கு அல்ல. பழைய கன்டர் சங்கிலி 66 அடி, 100 கண்ணி. இழுத்து இழுத்து வளையம் விரிந்து 67 அடி ஆகிவிட்டால், அதைக் கொண்டு ஒரு ஏக்கர் என்று அளந்தது உண்மையில் 103 சென்ட். சங்கிலியில் ஓரடி பிசகினால் நிலத்தில் மூன்று சென்ட் பிசகும்.

குடியானவர் பார்க்க வேண்டியது சிட்டாவும் அடங்கலும். சிட்டாவில் '1 - 21.50' என்று இருப்பதை ஒரு ஏக்கர் இருபத்தொன்றரை சென்ட் என்று படித்து, நிலம் குறைந்துவிட்டதாகப் பதறுபவர்கள் உண்டு. அது 1 ஹெக்டேர் 21.50 ஏர்ஸ். ஒரு ஏர்ஸ் 2.47 சென்ட், மொத்தம் 3 ஏக்கர். அடங்கல் வேறு வகை. தென்னை நிற்கும் தோட்டம் அதில் தரிசு என்று இருந்தால் பயிர்க்கடனும் வெள்ள நிவாரணமும் தடைபடும். ஊர்க்கணக்கு மேசைக்கு வரும் அன்றே சர்வே எண், உட்பிரிவு எண், பசலி மூன்றையும் எழுதி மனுக் கொடுத்துவிடுவது நல்லது. அப்பன் பெயரிலேயே கிடக்கும் பட்டாவுக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வேண்டும். பாகம் பிரித்து உட்பிரிவு கேட்டால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். பந்தலிலேயே முடிகிற காரியமல்ல.

ஆட்சித் தமிழில் இதற்கு 'வருவாய்த் தீர்வாயம்' என்று பெயர். தீர்வை நிலவரியையும் ஆயம் வருமானத்தையும் குறிப்பவை என்பதால் பொருள் கெடாத ஆக்கம்தான். ஒரே இடர், 'தீர்ப்பாயம்' என்று மாற்றி எழுதிவிடுகிறார்கள். அது வழக்கு விசாரிக்கும் மன்றம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் நாளும் இதுவும் வேறுவேறு. மனுவில் வருவாய்த் தீர்வாயம் என்றே எழுதலாம். பேச்சில் ஜமாபந்தி இருக்கட்டும், இருநூறு ஆண்டுப் பழக்கம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சொல் கடைசி நாளில் வருகிறது. கணக்கு முடிந்ததும் நடக்கும் கூட்டத்துக்குப் பெயர் 'குடிகள் மாநாடு'. ரயத்தும் பசலியும் புழங்கிய அதே அலுவலகத்தில், வரி கொடுப்பவரைக் குடி என்றழைக்கும் தமிழ் அழியாமல் இருக்கிறது.