சொல் விளக்கம்: ஆர்.எஸ்.ஐ. என்னும் மீள்செயல் உளைச்சல்

கங்கைகொண்டான் ஐ.டி. பார்க்கிலும் பாளையங்கோட்டை டி.டி.பி. கடைகளிலும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர்களுக்கு ஆர்.எஸ்.ஐ. தெரிந்திருக்க வேண்டிய சொல். விரித்தால் ரிப்பெட்டிட்டிவ் ஸ்ட்ரெயின் இஞ்சுரி. ஒரே அசைவை ஓயாமல் செய்வதால் தசை, தசைநாண் (தசையை எலும்போடு கட்டும் நார்), நரம்பு ஆகியவற்றில் வரும் தொந்தரவுகளுக்கு மொத்தமாக வைத்த பெயர் இது. தனி ஒரு நோயின் பெயர் இல்லை. கட்டைவிரல் பக்கத்துத் தசைநாண் உறை வீங்கினாலும் இதுதான், மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்பட்டாலும் இதுதான்.

மூன்று சொல்லும் லத்தீன் வழி வந்தவை. ஸ்ட்ரெயினின் வேருக்கு 'இழுத்து இறுக்குதல்' என்று பொருள். இஞ்சுரியின் வேருக்கு முதற்பொருள் 'முறையற்றது, அநியாயம்'.

பெயர் பரவலானது 1980களில்தான், ஆஸ்திரேலிய அலுவலகங்களில் பலருக்குக் கைவலி வந்தபோது. நோவு அதைவிடப் பழையது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளர் நோய்கள் பற்றிய தன் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களைப் பற்றிச் சொல்கிறார். விடாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைப்பது, தப்பு வந்துவிடாமல் மனம் இறுகியே இருப்பது: இவைதான் அவர் சொன்ன காரணங்கள். இன்றைக்கும் அதில் ஒன்றையும் எடுத்துப்போட முடியாது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? இயற்பியல் பாடநூலில் ஸ்ட்ரெயினுக்குத் 'திரிபு' என்று இருக்கிறது. அதை வைத்து 'மீள்திரிபுக் காயம்' என்று ஆக்கினால் யாருக்கும் விளங்காது. காயம் என்றதும் நம் ஆட்கள் ரத்தத்தைத் தேடுவார்கள். வெளியே ஒன்றும் தெரியாததால் "கையில ஒண்ணும் காணுமே, சும்மா சொல்லுதான்" என்று தள்ளிவிடுவார்கள். அந்தச் சொல்லை நான் வேண்டாம் என்பது இதனால்தான்.

நெல்லைச் சீமையில் இதற்குப் பொருத்தமான சொல் புழக்கத்திலேயே இருக்கிறது. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் "விரலெல்லாம் உளையுது மயினி" என்பார்கள். உளைதல் என்றால் உள்ளுக்குள்ளேயே நோதல். வயிற்றுளைச்சல், மன உளைச்சல் எல்லாம் அதன் வழிதான். கம்ப்யூட்டரைத் தொடாத அவர்களுக்கும் இதே தொந்தரவு வருவதால் 'கணினிக் கைவலி' என்று சுருக்கக் கூடாது. 'மீள்செயல் உளைச்சல்' என்பதே சரியான பெயர் என்று நினைக்கிறேன்.

மீள்செயலால் வருகிறது என்றால், முதலில் குறைக்க வேண்டியதும் அதைத்தான். தமிழ் அடிப்பவர்களுக்கு ஒரு வழி, தமிழ் எழுத்துகளையே நேராக விசைகளில் வைத்திருக்கும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு. 'தங்கம்' என்பதை ஆங்கில எழுத்து வழியாக அடித்தால் ஏழு தட்டு. தமிழ்99இல் த, ங, க, ம, புள்ளி என்று ஐந்துதான், ங-வின் புள்ளி தானாக விழுந்துவிடும். உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் இருப்பதால் வேலையும் இரண்டு கைக்கும் பங்காகிறது. பக்கம் பக்கமாக அடிப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

அப்புறம், கீபோர்டின் அடியிலுள்ள குட்டிக் கால்களை மடக்கிவிடுங்கள். அவை நின்றால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். மணிக்கட்டுக்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகும் குறுகலான வழியில் அழுத்தம் கூடும். முழங்கை ஏறக்குறைய நேர்கோணத்தில் மடங்கியிருக்கட்டும், மவுஸ் கீபோர்டை ஒட்டியே இருக்கட்டும். வலி வரும்வரை காத்திராமல் அடிக்கடி கையை எடுத்துத் தொங்கவிடுங்கள். பீஸ் ரேட்டில் அடிப்பவர்களுக்கு இது கஷ்டம்தான், ஆனாலும் செய்யுங்கள்.

ராத்திரி கை மரத்து முழிப்புத் தட்டினால் தைலத்தோடு நிறுத்தாமல், ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து டாக்டரிடமோ போய்விடுங்கள். எந்த விரல் மரக்கிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். சுண்டுவிரல் என்றால் அது முழங்கை வழியாகப் போகும் வேறு நரம்பு. மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றும் பழக்கம் உண்டா என்று யோசித்து, அதையும் சொல்லுங்கள்.