உள் ஃபோல்டருக்குப் போனதும் மதிப்பு ஏன் காணாமல் போகிறது?

சோழிங்கநல்லூரில் ஒரு குழு பேருந்து நேரம் காட்டும் ஆப் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளவுட் சர்வரில் வெளி ஃபோல்டர் 'பஸ்', உள்ளே 'ஏபிஐ'. சர்வர் கடிகாரம் யூடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) ஓடுவதால், 'பஸ்' அளவில் டிஇசட் என்ற சூழல் மாறிக்கு (நிரல்கள் படித்துக்கொள்ளும், பெயரிட்ட மதிப்பு; இது நேர மண்டலத்தைச் சொல்வது) 'ஏசியா/கொல்கத்தா' கொடுத்தாகிவிட்டது (நேர மண்டலப் பட்டியலில் சென்னை கிடையாது). டேட்டாபேஸ் முகவரி 'ஏபிஐ'க்கு மட்டும். ஃபோல்டருக்கேற்ப இவற்றை மாற்றிக்கொடுப்பது டைரென்வ் என்ற கருவி.

யூனிக்ஸில் ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கும்போது தன் மாறிகளின் நகலைத்தான் கொடுக்கும். அந்த நகலில் என்ன மாற்றினாலும் தொடங்கிய நிரலுக்குத் தெரியாது. எனவே டைரென்வ் நேராக ஷெல்லின் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) மாறிகளைத் தொட முடியாது. மாறிக்கு மதிப்பு வைக்கும் எக்ஸ்போர்ட் கட்டளைகளை அச்சிட்டுத் தரும். ஷெல் அவற்றை இவால் மூலம் தானே ஓட்டிக்கொள்ளும். இதற்காகத்தான் பாஷ் என்ற ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் 'டைரென்வ் ஹுக் பாஷ்' வரியைச் சேர்க்கச் சொல்கிறார்கள். அதன்பின் ப்ராம்ப்ட் (அடுத்த கட்டளைக்காக ஷெல் காத்திருக்கும் வரி) வரும் ஒவ்வொரு முறையும், இருக்கும் ஃபோல்டரிலிருந்து மேல்நோக்கி என்விஆர்சி கோப்பை (அந்த ஃபோல்டருக்கான மாறிகளை எழுதிவைப்பது) டைரென்வ் தேடும். கிடைத்ததைத் தனி பாஷில் ஓட்டி, முன்னும் பின்னும் மாறியவற்றை மட்டும் கொண்டுவரும். ஏலியாஸ் (கட்டளைக்கு வைக்கும் சுருக்கப் பெயர்), ஃபங்ஷன் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். வெளியேறினால் பழைய மதிப்புகள் திரும்பும்.

சிக்கல் இங்கேதான்: முதலில் அகப்படும் கோப்போடு தேடல் நின்றுவிடும். 'ஏபிஐ'க்குள் ஒரு என்விஆர்சி வைத்த கணமே 'பஸ்' கோப்பு மறைந்துபோகும், டிஇசட்டும் போய்விடும். காலை 5.30 தாம்பரம் பேருந்து நள்ளிரவு 12.00 என்று காட்டும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, அதுதான் எரிச்சல். உள் கோப்பில் 'சோர்ஸ்_அப்' என்று எழுதினால் போதும், மேலே உள்ள கோப்பும் சேர்ந்து ஓடும். அது முதல் வரியாக இருக்கட்டும். கடைசியில் போட்டால், இரண்டு கோப்பிலும் உள்ள மாறிகளுக்கு வெளி மதிப்பே நிலைத்துவிடும்.

கோப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் 'டைரென்வ் அலவ்' என்ற அனுமதிக் கட்டளையை மறுபடி கேட்கும். தொல்லைதான், ஆனால் நியாயமான தொல்லை: என்விஆர்சி என்பது ஓடும் பாஷ் நிரல். கிட்டில் (நிரல்களைப் பகிர உதவும் கருவி) இறக்கிய ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் நுழைந்தவுடன் அது தானாக ஓடக் கூடாதல்லவா?

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் இது எதுவும் நடக்காது, அங்கே ப்ராம்ப்ட்டே இல்லை. 'டைரென்வ் எக்ஸெக்' என எழுதி, ஃபோல்டர் பாதையையும் கட்டளையையும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலோ தொடங்கியபோது வாங்கிய நகலையே வைத்திருக்கும்; நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் புது மதிப்பு போய்ச் சேரும்.