கையொப்பமிடும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

தலைமைத்துவப் பயிற்சி என்ற பெயரில் இலங்கையின் மலையகப் பாடசாலைகளில் நடக்கும் முகாம்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். விரிவுரை, விளையாட்டு, மாலையில் சான்றிதழ். பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் வீடு திரும்புகிறார்கள். ஆனால் மறுநாள் அவர்கள் தீர்மானிக்க வேண்டியது என்று ஒன்றுமே இருப்பதில்லை. ஹட்டன் பக்கத்தில் இலாப நோக்கமற்ற சைக்கிள் பட்டறை ஒன்றில் பதின்ம வயதினருக்குத் தொழில் பழக்கும் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். வேலையோடு முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பிள்ளை நிமிர்கிறது.

இத்தகைய பட்டறைகள் உலகுக்குப் புதியவை அல்ல. அமெரிக்காவில் 1984இல் தொடங்கிய ‘பைக்ஸ் நொட் பொம்ஸ்’ அமைப்பு, பழைய சைக்கிள்களைத் திரட்டி நிக்கரகுவாவுக்கு அனுப்பியது. பின்னர், இளையோர் தாங்களே ஒரு வண்டியைப் பழுதுபார்த்துச் சொந்தமாக்கிக்கொள்ளும் வகுப்புகளையும் நடத்தியது. அப்படிப் பயின்றவர்கள் அடுத்து வருபவர்களுக்குக் கற்பிக்கவும் தொடங்கினார்கள்.

மலையகம் யாழ்ப்பாணத்தைப் போலச் சைக்கிள் பூமி அல்ல. ஏற்றமும் மழையும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆனாலும் 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகள் இங்கேயும் வீதிக்கு வந்தன. அவற்றை ஓட்டுபவர்களின் உயிர் பிரேக்கில் இருக்கிறது. சமவெளியில் பிரேக் தேய்ந்துவிட்டால் காலை ஊன்றியாவது நிறுத்தலாம். நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கு இறங்கும் வீதியில் அது நடக்காது. இறக்கம் முழுவதும் பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும்.

ஆகவே எங்கள் பட்டறையில் ஒரு விதி இருக்கிறது. வண்டியைப் பழுதுபார்த்தவர் அல்லாத இன்னொரு பிள்ளை அதைச் சோதித்துப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். பிரேக் கட்டையில் தேய்மானத்தைக் காட்டும் பள்ளம் இன்னும் தெரிகிறதா, கட்டை ரிம்மில் படாமல் டயரில் உரசுகிறதா, கைப்பிடிக்குள் கேபிள் இழை பிரிந்திருக்கிறதா என்று அந்தப் பிள்ளை பார்க்கும். கையொப்பம் இல்லாமல் வண்டி வெளியே போகாது. நான் சொன்னாலும் போகாது.

ஒருநாள் பதினேழு வயது மாணவி ஒருத்தி தன் தேயிலைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரின் வண்டியை நிறுத்திவைத்தாள். “பக்கத்துக் கடைக்குத்தானே போகிறேன், கொடும்மா” என்றார் அவர். “கட்டையை மாற்றித் தருகிறேன் மாமா, அதுவரை உட்காருங்கள்” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவளுடைய கையொப்பத்துக்கு அதன் பிறகு மதிப்பே இருந்திருக்காது. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று தோட்டத்தில் மேலிருந்து வரும் உத்தரவைக் கேட்டே பழகிய சமூகம் நம்முடையது. அங்கே ஒரு பெண் பிள்ளை காரணத்தோடும் மரியாதையோடும் ஒரு பெரியவரை மறுத்துப் பேசியதை நான் சிறிய விடயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கற்பிப்பதும் பிள்ளைகள்தான். புதிதாக வந்த பையன் இடது பெடலைக் கழற்ற முழுப் பலத்தோடு ஸ்பனரை இடப்பக்கமாகத் திருகுவான், அது இன்னும் இறுகும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால் அதை வலப்பக்கமாகத் திருப்பித்தான் கழற்ற வேண்டும். அருகில் நிற்கும் மூத்த மாணவன் ஸ்பனரைப் பிடுங்கிச் செய்துகாட்டக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “மிதிக்கும்போது பெடல் கழன்றுவிடாமல் இருக்க மரை எந்தப் பக்கம் இருக்க வேண்டும், தம்பி?” என்று கேட்க வேண்டும். வேலை தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமைதான் மிகக் கடினம். அது கைகூடியவர்களிடமே பட்டறைச் சாவியையும் உதிரிப்பாகக் கணக்கையும் ஒப்படைக்கிறோம்.

இதைத் தொடங்க நினைப்பவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்தபட்ச வயதும் 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. 18 வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்தவே கூடாது. எனவே 16 வயதாகாத பிள்ளை பாடசாலை முடிந்த பின் கற்க மட்டுமே வர வேண்டும். அதன் கையால் வருமானம் தேடினால் அது பயிற்சி அல்ல, சுரண்டல். வெல்டிங் வேலைக்கும் கிரைண்டருக்கும் அருகில் எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குக் கிளம்பும் பையன்களின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தொழில் திறனுக்கு நாட்டில் வழங்கப்படும் சான்றான தேசிய தொழில் தகைமை (NVQ) ஏழு மட்டங்களைக் கொண்டது. அனுபவத்தால் கற்றதை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் வழியும் அதில் உண்டு. ஆனால் சான்று வேண்டும். செய்த வேலையைத் திகதியோடு எழுதி, முன்னும் பின்னும் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். நாளை மோட்டார் வாகனத் தொழிலுக்குப் போனாலும் அந்தக் கொப்பி பேசும்.

தொடங்குவதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. மழை படாத ஒரு கொட்டகை, ஒரு தொகுதி ஸ்பனர், டியூபுக்கு ஒட்டுப்போடும் சாமான், ஊரில் கிடக்கும் உடைந்த வண்டிகள் போதும். பதிவேட்டை மட்டும் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.